ராத்திரி 11.40க்கு அந்த ஃபைலைத் திறந்தது யார்?

கேள்வி:

மேடம், வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் 40 படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் இன்சார்ஜாக இருக்கிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சர்வர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்களிடமே வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எங்கள் லேபிலேயே ஒரு டெஸ்ட் எடுத்தார். ரிப்போர்ட் அவர் கைக்கு வருமுன்பே, ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் அவருடைய அத்தையிடம் யாரோ துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்திருக்கிறார்கள். சிஸ்டர் அட்மின் சாரிடம் வந்து அழுதார். யார் எப்போது எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் பதிவை, அதாவது லாகை, எடுக்கச் சொன்னார் சார். எடுத்தேன். அன்றைக்கு அந்த ஃபைல் ஒரே ஒரு முறைதான் திறந்திருக்கிறது. ராத்திரி 11.40க்கு, லேப் டெக்னீஷியன் பெண் ஒருத்தியின் லாகினில். அவளோ, "நான் சாயங்காலம் 5.15க்கே கட்டபெட்டு பஸ் ஏறிட்டேன் அண்ணா" என்கிறாள். அவள் பெயரில் உள்ள லாகினைத்தான் லேபில் மூன்று பேரும் பயன்படுத்துகிறார்கள். கூடுதல் லாகினுக்கு சாஃப்ட்வேர் விற்ற வெண்டர் தனியாகப் பணம் கேட்கிறார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்கிறார் சார். வெள்ளிக்கிழமை விசாரணை. நான் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். இனிமேல் தினமும் எல்லார் லாகினையும் பார்த்து ரிப்போர்ட் கொடு என்றும் உத்தரவு. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை வேவு பார்க்கிற மாதிரி இருக்கிறது. சட்டப்படி இதெல்லாம் செய்ய வேண்டியதுதானா? அந்த வாரம் மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில்தான் ஓட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், நீலகிரி மாவட்டம்

பதில்:

தம்பி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உங்களுக்குத் தேவைப்பட்டதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது உங்கள் அனுமதியோடு, இதே இக்கட்டில் இருக்கும் மற்ற சின்ன ஆஸ்பத்திரிகளுக்காக. அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த சிஸ்டர் எடுத்தது என்ன டெஸ்ட் என்று நீங்கள் எழுதவில்லை. போனில் நானும் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமலே உங்களுக்குப் பதில் சொல்ல முடிகிறது, பார்த்தீர்களா? ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் எனக்கு வேலையே இருக்காது.

சரி, 11.40க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. அன்றைக்கு அந்த ஃபைல் ஒரே ஒரு முறைதான் திறந்தது என்கிறீர்கள். அப்படியானால் டெஸ்ட் ரிசல்ட்டை ஏற்றியது யார்? ஃபைலைத் திறக்காமல் ரிசல்ட் ஏற்ற முடியாதே. ஒன்று, உங்கள் சாஃப்ட்வேர் பார்ப்பதை மட்டும் பதிவு செய்து, ரிசல்ட் ஏற்றுவதை வேறு இடத்தில் எழுதி வைக்கிறது. அல்லது, ராத்திரி 11.40 என்று நீங்கள் பார்ப்பதே ரிசல்ட் ஏற்றிய நேரம்தான். அதாவது அந்தப் பெண் தன் வேலையைச் செய்த நேரம்.

பகலில் செய்த வேலைக்கு ராத்திரி நேரம் எப்படி விழும்? அதற்குத்தான் உங்கள் கடைசி வரி. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032. அது செத்துப்போயிருந்தால், கரண்ட் முழுக்கப் போகும்போது மிஷின் தேதியையும் நேரத்தையும் மறந்துவிடும். யூ.பி.எஸ். தாங்குகிற வரை தெரியாது. மலையில் ஐப்பசி மழைக்கு மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லையென்றால் தெரிந்துவிடும். இன்டர்நெட் இருந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடும். ஆனால் கம்பம் சாயும்போது கேபிளும் சேர்ந்துதானே போகிறது? ஜெனரேட்டர் போட்டதும் யாராவது ஒருவர், வரிசையில் நோயாளிகள் நிற்க, அவசர அவசரமாகத் தேதியும் நேரமும் அடித்திருப்பார். காலை என்பதற்குப் பதில் மாலையை அமுக்கிவிட்டால் போதும். பகல் 11.40 ராத்திரி 11.40 ஆகிவிடும்.

இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததா என்று பார்க்க வழி இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை மறந்துவிட்டு, அதே மிஷினிலிருந்து அன்றைக்கு விழுந்த எல்லாப் பதிவுகளையும் வரிசையாக எடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை ரிசல்ட்டாக ஏறியிருந்தால் கதை முடிந்தது. அந்த நேரத்தில் யாரும் வெறும் வயிற்றோடு லேப் வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்து, நேரத்தை விட்டுவிட்டு வரிசை எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டாபேஸ் ஒரு தொடர் எண் கொடுத்திருக்கும். கடிகாரம் எப்படி ஆடினாலும் அந்த எண் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறும். சிஸ்டரின் பதிவுக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் ஓ.பி. பில்லிங் கவுன்டரில் பகலில் போட்ட பில்லாக இருந்தால், நடுவில் இருப்பதும் பகல்தான். விண்டோஸ் மிஷின் என்றால், விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து 4616 என்ற எண்ணைத் தேடுங்கள். யாராவது நேரத்தை மாற்றினால் பழைய நேரம், புதிய நேரம் இரண்டும் அதில் விழும். (விண்டோஸ் கிளம்பும் முன்பே, மிஷினின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் மாற்றியிருந்தால் விழாது. அதனால் இது இல்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம்.) 4624 என்பது லாகின் ஆனதற்கான எண். இதையெல்லாம் இன்றே காப்பி எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்தப் பதிவுக்கு ஆரம்பத்தில் ஒதுக்கும் இடம் 20 எம்.பி.தான். நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் எழுதிக்கொண்டே போகும். வெண்டரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: லாகில் விழும் நேரம் சர்வருடையதா, அந்தந்த மிஷினுடையதா? சர்வருடையது என்றால் இந்தச் சந்தேகம் முழுக்க சர்வர் கடிகாரத்துக்கு மாறும்.

இதெல்லாம் பார்த்தும் நேரம் சரிதான் என்று வந்தால்? அப்போதும் அந்தப் பெண் குற்றவாளி ஆகிவிட மாட்டாள். பாஸ்வேர்டு மூன்று பேருக்குத் தெரியும். ராத்திரி அவசர டெஸ்ட்டுக்கு லேபைத் திறக்கும் டியூட்டி ஆளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாஸ்வேர்டே வேண்டாம், சாயங்காலம் அவள் வெளியே வராமல் விட்டுப் போன ஸ்கிரீன் போதும்.

இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் ரிப்போர்ட் வெளியே போய்விட்டது. லாகில் ஒரு வார்டு கிளார்க்கின் பெயர் இருந்தது. "இன்னார் இந்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அந்தப் பையனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சில், அந்த வார்டின் மூத்தவர் ஒருவரே சிரித்தபடி சொன்னார்: "என் லாகின் எப்பவும் லேட்டா வரும்மா, அவன் ஸ்கிரீன் திறந்தே கிடக்கும், அதுலதான் பார்ப்பேன்." பையனைத் தேடினேன். திருப்பூரில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் எழுதியிருக்க வேண்டியது "இன்னாரின் லாகினில்" என்று. அந்த ஒரு வார்த்தையை நான் விட்டதற்கு வேலையை இழந்தவன் அவன்.

ஆகவே உங்கள் அறிக்கையில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி:

"இந்தத் தேதியில், இந்த எண் கொண்ட கணினியிலிருந்து, இந்த லாகின் பெயரில், கணினி காட்டும் நேரப்படி இரவு 11.40க்கு மேற்படி பதிவு திறக்கப்பட்டுள்ளது. இந்த லாகினை மூவர் பயன்படுத்துவது நிர்வாகத்துக்குத் தெரிந்ததே. அந்த நேரத்தில் விசைப்பலகையில் இருந்தவர் யார் என்பதை இப்பதிவிலிருந்து கூற இயலாது. அந்த வாரம் மின்தடை இருந்ததால் கடிகாரம் சரியாக இருந்ததா என்பதைச் சோதித்து முடிவை இணைத்துள்ளேன்."

"நிர்வாகத்துக்குத் தெரிந்ததே" என்ற இடத்தில் உங்கள் சார் முகம் சுளிப்பார். இருந்தாலும் எடுக்காதீர்கள். லாகினுக்குப் பணம் கட்ட மறுத்தது அந்தப் பெண் அல்ல.

இன்னொன்றையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விஷயம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போனது என்று யார் சொன்னது? லாக் எடுக்க முடிகிறது என்பதால் எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். லேப் மேஜையில் பெயர், வயது, டெஸ்ட், ரிசல்ட் என்று கோடு போட்ட ஒரு நீள நோட்டு விரித்தபடி கிடக்குமே, அதை எத்தனை பேர் கடந்து போகிறார்கள்? பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட் ரிசப்ஷன் தட்டில் எவ்வளவு நேரம் கிடந்தது? டாக்டர் ஊட்டிக்குப் போயிருந்தால் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் வழக்கம் உங்களிடம் உண்டா? அந்த குரூப்பில் எத்தனை பேர்? இந்த வழிகள் எதற்கும் லாக் கிடையாது. விசாரணையில் இந்தக் கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், அகப்பட்டவளைக் குற்றவாளியாக்கியது போலத்தான் முடியும்.

இவ்வளவு சொன்னதால் லாக் எதற்கும் உதவாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் சிஸ்டரைப் போலவே ஒரு நர்ஸின் கதை இருக்கிறது. பின்லாந்துக்காரர். அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் கண் நோய்ப் பிரிவில் தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை. அதே ஆஸ்பத்திரியின் தொற்றுநோய்ப் பிரிவில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை. 1992 வாக்கில், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தன் நோய் தெரிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தது. அப்போது ஊழியர் யார் வேண்டுமானாலும் யார் பதிவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை. பிறகு அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. என் ஃபைலைப் பார்த்தவர்கள் யார் என்று சொல்லுங்கள் என்று 1996இல் முறைப்படி கேட்டார். ஆஸ்பத்திரி சொன்ன பதில்: கடைசி ஐந்து முறை பார்த்ததுதான் கம்ப்யூட்டரில் நிற்கும், அதிலும் எந்தப் பிரிவு என்று மட்டும்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது, ஃபைல் ரெக்கார்ட் ரூமுக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும். பார்த்ததை நிரூபிக்க முடியாததால் உள்ளூர் நீதிமன்றங்களில் அவர் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலை 17 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. யார் பார்த்தார்கள் என்று நிரூபிக்கும் சுமையை அந்தப் பெண்மீது ஏற்றக்கூடாது, பார்த்தவர் யார் என்று காட்டக்கூடிய பதிவை வைத்திருக்காததே ஆஸ்பத்திரியின் குறை என்பது தீர்ப்பின் சாரம். சந்தேகம் வந்து 16 வருடம் கழித்து. உங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு ஒரே லாகின் என்பது ஏறக்குறைய அந்த பின்லாந்து ஆஸ்பத்திரி இருந்த இடம்தான்: பிரிவு தெரியும், ஆள் தெரியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் விளம்பரத்தில் 'ஹிப்பா' என்று போட்டிருப்பார்கள். அது 1996இல் வந்த அமெரிக்கச் சட்டம். அங்கே கணினியில் நடப்பதைப் பதிவு செய்வதும் அந்தப் பதிவை ஒழுங்காகப் பார்வையிடுவதும் கட்டாயம். கோத்தகிரிக்கு அது செல்லாது. நமக்கு உள்ளது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு வேண்டும், அதைப் பார்வையிட வேண்டும், ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் வெளியான நாளிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் சாருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த எண் சீக்கிரம் புரியும். இது தவிர, சைபர் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை தேசிய நேர சர்வரோடு பொருத்தி வைக்கவும் வேண்டும். கடிகாரத்துக்கு ஏன் சட்டம் என்று அப்போது சிலர் சிரித்தார்கள்.

டெஸ்ட்டைப் பொறுத்து வேறு சட்டங்களும் வரும். எச்.ஐ.வி. என்றால் 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம். மனநலச் சிகிச்சை என்றால் அதே வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. கருக்கலைப்பு என்றால் அதற்கான சட்டத்தில் 2021 திருத்தம் சேர்த்த 5ஏ பிரிவு. பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஒரு வருடம் வரை சிறை. இவற்றில் ஒன்றாக இருந்தால் நிர்வாகம் வெள்ளிக்கிழமைக்கு முன் வக்கீலைப் பார்ப்பது நல்லது. எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்கள் மனதை உறுத்துவதற்கு வருகிறேன், வேவு. நான் குன்னூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் காகித ஃபைல்தான். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே பெரும்பாடு. ரேக்கிலிருந்து ஒரு ஃபைலை உருவினால் அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருக வேண்டும். டிரேசர் கார்டு என்போம். யார் எடுத்தார், எந்த வார்டுக்கு, எப்போது என்று அதில் இருக்கும். மாதம் ஒருமுறை நான் ரேக் ரேக்காகப் போய் அட்டைகளைப் பார்ப்பேன். என்னை யாரும் ஒற்றச்சி என்று சொன்னதில்லை. ஏனென்றால் அட்டை எல்லார் கண்முன்னும் இருந்தது, சீஃப் டாக்டர் எடுத்தாலும் அட்டை வைத்தாக வேண்டும், நான் பார்ப்பேன் என்று எல்லாருக்கும் தெரியும். லாக் என்பது அந்த அட்டைதான். வேவாக மாறுவது மறைத்துச் செய்யும்போதும், சிலரை மட்டும் பார்க்கும்போதும்.

அதனால் தினமும் எல்லார் லாகினும் என்ற உத்தரவை மெதுவாக மறுத்துவிடுங்கள். நாற்பது படுக்கையும் ஓ.பி.யும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரிகள் விழும். இரண்டு நாள் பார்ப்பீர்கள், மூன்றாம் நாள் கையெழுத்து மட்டும் போடுவீர்கள். எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுங்கள். முதலில், உங்கள் ஊழியர்களே நோயாளியாக வரும்போது அவர்கள் ஃபைல். சின்ன ஊரில் வெளியாளின் ரிப்போர்ட்டைவிடப் பக்கத்து மேஜைக்காரரின் ரிப்போர்ட்டைத்தான் கை தேடும். அடுத்து, லீவில் இருப்பவரின் லாகின். டியூட்டி சார்ட்டையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. டிஸ்சார்ஜ் ஆகி வாரக் கணக்கானவரின் ஃபைல், ரிவ்யூவும் இல்லாமல் பில்லும் இல்லாமல் திடீரென்று திறந்திருந்தால் அது ஒன்று. இவை போக வாரத்துக்கு ஒரு பத்து இருபது பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, திறந்ததற்குக் காரணம் தெரிகிறதா என்று பாருங்கள். போதும்.

வெளிநாட்டு சாஃப்ட்வேர்களில் நோயாளிக்கும் ஊழியருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தால் எச்சரிக்கை வருகிற வசதி ஒன்று இருக்கும். வெண்டர் அதைப் பெருமையாகக் காட்டினால் வாங்கிவிடாதீர்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். 'ஆர்.' என்று தேடினால் பாதி மாவட்டம் வரும். விலாசத்தை வைத்துத் தேடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஹட்டி எனப்படும் படுகர் கிராமத்தில் ஊரே அண்ணன் தங்கை முறை, விலாசமும் ஒன்று. அப்படித் தேடினால் உங்கள் வார்டு சிஸ்டர்களில் பாதிப் பேர் தினமும் சிவப்பு விளக்கில் நிற்பார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கிராமங்களில் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்த நோய்க்குப் பரிசோதனை செய்யும் இடங்களிலும் இதே கதைதான். முடிவு எழுதிய அட்டை ஒரு வீட்டின் கல்யாணப் பேச்சையே திருப்பிப் போடும், ஆனால் பார்த்தவர் உறவா இல்லையா என்று கணினி கண்டுபிடிக்க முடியாது. போன் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கொஞ்சம் பயன்படும். அதைத் தாண்டி மனிதர்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகமாக ஒன்று தட்டுப்பட்டால் முதல் வேலை கேட்பது. "இந்த ஃபைல் உங்க லாகின்ல திறந்திருக்கு, எதுக்குன்னு ஞாபகம் இருக்கா சிஸ்டர்?" இந்தத் தொனியில். பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும்: பெயர் ஒன்றுபோல் இருந்து தவறான ஃபைலைத் திறந்தது, ஃபார்மசியிலிருந்து போன் வந்தது, டாக்டர் கேட்டது. காரணத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே வேடிக்கை பார்க்கத் திறப்பது தானாகக் குறையும். நெதர்லாந்தில் ஹேக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், டிவியில் பிரபலமான ஒருவரின் ஃபைலைச் சம்பந்தமே இல்லாத 85 ஊழியர்கள் பார்த்திருக்கிறார்கள். 2019இல் 4,60,000 யூரோ அபராதம். பின்னால் நீதிமன்றம் அதை 3,50,000 ஆகக் குறைத்தது. அங்கே லாக் இருந்தது. அதை ஒழுங்காகப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பயத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிடவும் வேண்டாம். உங்கள் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரடி கீறியவரையோ காட்டெருமை முட்டியவரையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். இருப்பது ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர். அந்த நேரத்தில் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஸ்கிரீன் சொன்னால், மறுநாளே அனுமதி உள்ளவரின் பாஸ்வேர்டு சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். காரணம் ஒரு வரி அடித்தால் திறக்கட்டும், மறுநாள் நீங்கள் அந்தக் காரணத்தைப் பாருங்கள். திறந்து கிடக்கும் ஸ்கிரீன் சில நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். அதுவும் ஆபரேஷன் தியேட்டர், கேஷுவாலிட்டியில் கொஞ்சம் தாராளமாக.

லாகின் செலவு பற்றி. வெண்டரிடம், பெயர்க்கணக்கில் விற்கிறாரா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர் கணக்கில் விற்கிறாரா என்று கேளுங்கள். பிந்தையது என்றால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தனி லாகின் போட்டுக்கொள்ளலாம், செலவு ஏறாது. பெயர்க்கணக்குதான் என்றால் பேரம் பேசுங்கள். அதுவும் படியாவிட்டால், விண்டோஸ் லாகினையாவது ஆளுக்கொன்றாகப் போடுங்கள். அதற்குப் பணம் இல்லை. சாஃப்ட்வேர் "லேப்" என்று மட்டும் சொன்னாலும், அந்த நேரத்தில் மிஷினில் யார் இருந்தார் என்று விண்டோஸ் சொல்லிவிடும். அரைகுறை வழிதான், இன்றைக்கு இருப்பதைவிடப் பரவாயில்லை. முடிந்தால் அந்தக் காசு பேட்டரியையும் எல்லா மிஷினிலும் மாற்றிவிடுங்கள். ஒரு டீ செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

சிஸ்டரை யாராவது உட்கார வைத்துப் பேசினார்களா? கடிதத்தில் அவர் அழுததோடு காணாமல் போய்விட்டார். விசாரணையில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதை முதலில் கேட்க வேண்டியவர் அவர். அந்த லேப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினால் விஷயம் ஊரில் இரண்டாவது சுற்று வரும், அப்போது சிஸ்டரின் பெயரும் சேர்ந்துதான் வரும். இதை அவரிடம் கேட்காமல் நிர்வாகம் முடிவு செய்யக்கூடாது. மேட்ரனோ அவர் நம்பும் மூத்த சிஸ்டரோ பேசட்டும், அட்மின் சார் வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறது. லாகை எடுக்கிறவரும் நீங்கள், அழிக்க முடிந்தவரும் நீங்கள். நாளைக்கு உங்கள்மேல் ஒரு சந்தேகம் வந்தால் உங்களுக்குச் சாட்சி யார்? வாரம் ஒருமுறை லாக் பதிவின் காப்பி ஒன்று உங்கள் கை படாத இடத்துக்குப் போகட்டும், மேட்ரனிடமோ அக்கவுன்ட்ஸ் பெட்டியிலோ. உங்கள் லாகினை வேறொருவர் பார்க்கட்டும். இந்த விசாரணைக்காக சிஸ்டரின் ஃபைலை நீங்களே எத்தனை முறை திறந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் உங்கள் பெயரில் விழுந்திருக்கும். தேதி, நேரம், யார் சொல்லித் திறந்தீர்கள் என்று இன்றே எழுதி சாரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இனி அந்த ஃபைலைத் திறக்க வேண்டாம்.